பூட்டி வைத்த மருந்து

உமாசங்கர் ஒரு பொருளை நல்லது என்று ஒப்புக்கொண்டால் அந்தப் பொருளுக்கே ஆச்சரியமாக இருக்கும். ஹைதராபாத் காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளியிலிருந்து வந்து இறங்கும் ஒவ்வொரு உதிரிப் பாகத்தையும் அளந்து, தட்டி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, உள்ளே விடலாம் என்றோ 'நக்கோ' என்றோ சொல்வதுதான் அவர் வேலை. வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத் சொல்லும் அந்தச் சொல், குடியாத்தத்துத் தமிழ் பேசும் அவர் வாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து உப்பலில் சொந்த ஃபிளாட்டுக்கு வந்த பிறகு, அவர் ஓய்வு பெற்றாரே தவிர நக்கோ ஓய்வு பெறவில்லை. கத்திரிக்காய் விற்பவருக்கு நக்கோ, கேஸ் சிலிண்டர் வாஷருக்கு நக்கோ, கல்யாண மண்டபத்துக் காபிக்கு நக்கோ.

"என்னை மட்டும் எப்படித்தான் உள்ள விட்டாரோ" என்பாள் அவர் மனைவி ருக்மிணி.

மருமகள் ஸ்ரேயாவையும் அவர் எந்தச் சோதனையும் இல்லாமல்தான் உள்ளே விட்டார். சிகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் பாதி தெலுங்கில் வரும். எதைக் கேட்டாலும் "பர்வாலேது மாமா" என்பாள். குழம்பில் உப்பு கூடினாலும் பர்வாலேது, கச்சிபௌலி ஆபீசிலிருந்து வீடு வந்து சேர ராத்திரி ஆனாலும் பர்வாலேது. பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லியே வீட்டில் எல்லோரையும் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தாள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. பெண் பார்க்கப் போன அன்றே அவள் அம்மா மறைக்காமல் சொல்லிவிட்டார். காலையிலும் இரவிலும் பிரவுன் நிறத்தில் ஒரு பஃப்பை வாயில் வைத்து உறிஞ்சுவாள். அது இழுப்பு வராமல் தடுப்பதற்கு. மீறி வந்துவிட்டால் உடனே உறிஞ்ச, நீல நிறத்தில் இன்னொன்று கைப்பையில் இருக்கும். நீலத்துக்கு வேலையே வருவதில்லை. பிரவுனை அவள் பல் துலக்குவதுபோல் எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பாள், வீட்டில் யாரும் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

அவள் உண்டானதும் உமாசங்கர் திரும்பிப் பார்த்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தைய வருஷம் ஒன்று வயிற்றில் தங்காமல் போயிருந்தது. அன்று ஸ்ரேயா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பர்வாலேது என்று சொல்லாமல் நேராக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவுக்கு வெளியே என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற நேரத்தை அவரால் மறக்க முடியவில்லை. இந்த முறை அப்படி நடக்கவிடக் கூடாது என்று அவர் முடிவு கட்டினார். அவருக்குத் தெரிந்த காவல் ஒன்றுதான். உள்ளே போவதை எல்லாம் நிறுத்திப் பார்ப்பது.

முதலில் மாட்டியது ஒரு வலி மாத்திரை. முதுகு வலிக்கிறது என்று கைப்பையிலிருந்து ஸ்ரேயா எடுத்ததை உமாசங்கர் பார்த்துவிட்டார். "இரு கண்ணு, டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்று அப்போதே ஃபோன் போட்டார். ஸ்ரேயாவைப் பார்க்கும் டாக்டர் சுமலதா தெலுங்குக்காரர். வேலூரில் படித்ததால் தமிழ் பேசுவார். "நல்ல வேளை கேட்டீங்க அங்கிள். கர்ப்பத்துல இது வேண்டாம், நான் வேற சொல்றேன்" என்றார். உமாசங்கருக்குத் தலைகால் புரியவில்லை. நக்கோ என்று தாம் நினைத்ததை ஒரு டாக்டரே நக்கோ என்றுவிட்டாரே. அடுத்த ஒரு வாரத்துக்கு மெட்ரோ ஸ்டேஷன் வரை நடக்கப் போகும் நண்பர்களுக்கெல்லாம் இந்தக் கதைதான்.

அந்த வெற்றிதான் வினையாக முடிந்தது. அவருடைய அடுத்த பார்வை பிரவுன் பஃப்பின் மேல் விழுந்தது. அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். எறும்பு எழுத்தில் நாலு பக்கம். நடுவில் ஓரிடத்தில், கர்ப்பிணிகளிடம் போதிய ஆய்வுகள் இல்லை என்றும், நன்மை தீமையை எடைபோட்டு மருத்துவர் ஆலோசனைப்படி பயன்படுத்த வேண்டும் என்றும் இருந்தது. போதிய ஆய்வு இல்லை என்ற இடத்திலேயே உமாசங்கரின் மூளை நின்றுவிட்டது. சோதனை அறிக்கை இல்லாத ஒரு திருகாணியைக்கூட அவர் தொழிற்சாலைக்குள் விட்டதில்லை. மருத்துவர் ஆலோசனைப்படி என்பதும் அதே வரியில்தான் இருந்தது. பூதக்கண்ணாடி அதைத் தாண்டிப் போய்விட்டது.

அன்று மாலை ஸ்ரேயாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார்.

"ஏம்மா, இதுல ஸ்டீராய்டு இருக்குதா?"

"கொஞ்சம் உண்டுந்தி மாமா. சின்னப்போலருந்து எடுக்கறேன் கதா."

"கடைசியா உனக்கு இழுப்பு எப்ப வந்துச்சு?"

ஸ்ரேயா யோசித்தாள். "காலேஜ்ல ஒக்கசாரி, ஒரே ஒரு தடவை."

"இழுப்பே இல்லாதவளுக்கு இழுப்பு மருந்து கைக்கு, எதுக்கு? புள்ள பொறக்கற வரைக்கும் நிறுத்திப் பாக்கலாமே கண்ணு."

இழுப்பு வராமல் இருந்ததே அந்தப் பஃப்பால்தான் என்பது அந்த இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வீடு ஒழுகவில்லையே, கூரை எதற்கு என்று பிரித்துப் போடுவது மாதிரிதான் இது. அவராவது பழைய காலத்து ஆள்; ஸ்ரேயாவுக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் அவளும் பயந்து போய்தான் இருந்தாள். ஃபோனில் கர்ப்பிணிப் பெண்கள் கூட்டமாகக் கூடிப் பேசும் இடங்களில் ஸ்டீராய்டு என்ற சொல்லைப் படித்துப் படித்து, ஒவ்வொரு முறை பஃப்பை வாயில் வைக்கும்போதும் உள்ளே இருப்பதிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா நிறுத்தச் சொன்னதும் அவள் தோள் இறங்கியதை ருக்மிணி பார்த்தாள்.

"டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றாள் ருக்மிணி.

"ரிப்போர்ட் இல்லன்னு கம்பெனிக்காரனே எழுதியிருக்கான் ருக்கு. இதுக்கு மேல யாரைக் கேக்கணும்? நக்கோன்னா நக்கோ."

அதோடு விட்டிருந்தாலும் இவ்வளவு ஆகியிருக்காது. அவர் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் உண்டு. கழித்த பாகத்தைச் சும்மா மேசை மேல் வைக்கமாட்டார்கள். யாராவது அவசரத்தில் எடுத்து மாட்டிவிடுவார்கள். சிவப்புப் பட்டை அடித்து, கம்பிக் கூண்டுக்குள் போட்டுப் பூட்டுவார்கள். பூட்டுகிறவரிடம் சாவி இருக்காது. அது இன்னொருவரிடம் போய்விடும். பூட்டியவருக்கே மனசு இளகிவிட்டாலும் திறக்க முடியாது என்பதற்காக. உமாசங்கர் வீட்டிலும் அதையேதான் செய்தார். பிரவுனையும் நீலத்தையும் ஒரு சின்ன இரும்புப் பெட்டியில் போட்டு, மூடி மேல் சிவப்பு நாடா ஒட்டி, பூட்டு மாட்டி, சாவியை ருக்மிணியிடம் கொடுத்தார்.

"நீலத்தையாவது வெளிய வையுங்க. அவசரத்துக்கு உள்ளது."

"எதிர்ல இருந்தா கை போவும்" என்றார் உமாசங்கர்.

சாவி ருக்மிணியின் கைப்பைக்குள் போனது. அவள் கணவன் ஆதர்ஷ் கேட்டபோது, குறைத்துக்கொண்டேன் என்று மட்டும் ஸ்ரேயா சொன்னாள். காலையில் கேப் ஏறினால் இருட்டிய பிறகு வீடு திரும்பும் பையன், அப்பா பார்த்துக்கொள்கிறார் என்று நிம்மதியாக இருந்தான். அடுத்த முறை சோதனைக்குப் போனபோது டாக்டர் சுமலதா எழுதிக்கொண்டே, "பஃப் தொடர்ந்து எடுக்கறீங்க கதா?" என்று கேட்டார். ஸ்ரேயா ஒரு கணம் மாமாவைப் பார்த்தாள். பிறகு, ஆமாம் என்று தலையாட்டினாள். மாமாவை டாக்டர் முன்னால் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை அவளுக்கு. உமாசங்கருக்கு அன்று அது பெருமையாக இருந்தது. என்ன பெண், என்ன மரியாதை என்று திரும்பி வரும் வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தார்.

மாதங்கள் நன்றாகத்தான் போயின. மழைக்காலம் போனது, தீபாவளிப் புகையும் போனது. ஐந்தாம் மாதத்திலிருந்து ஸ்ரேயா வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தாள். உமாசங்கர் மாதுளையை உரித்து, ஒவ்வொரு முத்தாகப் பார்த்து, கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து வைப்பார். தம் காவலில் ஒரு குறையும் இல்லை என்று நம்பினார்.

தை பிறக்கும் சமயத்தில் பனி கொட்டியது. எதிர்ப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் செம்மண் தூசி. ஸ்ரேயா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு தூங்க ஆரம்பித்தாள். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஃபோனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தாள். ஏழாம் மாதத்தில் இதெல்லாம் சகஜம் என்று ருக்மிணியும் நினைத்தாள். கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்பது தெரிந்ததுதான். ஒரு கத்திரிக்காயில் குண்டூசி முனை அளவு ஓட்டையைக் கண்டுபிடிக்கும் உமாசங்கர், தம் எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் வாக்கியங்கள் நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டு வந்ததைக் கவனிக்கவில்லை.

அன்று ருக்மிணி சிகந்தராபாத்தில் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தாள். காலைச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உமாசங்கர் திரும்பினால், ஸ்ரேயா மடிக்கணினியைத் தள்ளிவிட்டு, மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் காது வரை ஏறி ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்ளே வாங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விடும்போது மெல்லிய விசில் சத்தம்.

"என்னம்மா பண்ணுது?"

"பர்..." என்றாள். அந்தச் சொல் முடியவில்லை. அவள் வாயில் அந்தச் சொல் முடியாமல் நின்றதை அவர் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். கையைத் தூக்கி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் அழுத்திக் காட்டினாள். பஃப். அவருக்கு உடனே புரிந்தது. உடனே சாவியும் நினைவுக்கு வந்தது.

ருக்மிணிக்கு ஃபோன் போட்டார். கோயிலுக்குள் இருந்தவள் எடுக்கவில்லை. பிறகு அவர் செய்ததைத் தொழிற்சாலையில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு ஆணியைக்கூட அளந்து அடிக்கும் மனிதர், அலமாரியிலிருந்து இரும்புப் பெட்டியை இழுத்துத் தரையில் போட்டு, அடுப்படியிலிருந்து இஞ்சி இடிக்கும் கல்லை எடுத்து வந்து, பூட்டின் மேல் கண்மண் தெரியாமல் அடித்தார். முதல் அடி பூட்டில் படாமல் அவர் விரலில் பட்டது. டைல்ஸ் பெயர்ந்தது. ஸ்ரேயாவின் விசில் சத்தம் குறைந்துகொண்டே வருவது காதில் விழுந்தது. குறைவது நல்லதில்லை என்று அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. "வந்துட்டேன் கண்ணு, வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். கடைசியில் பூட்டு அப்படியே இருந்தது. அதை மாட்டியிருந்த கொண்டிதான் பிய்த்துக்கொண்டு வந்தது.

நீலத்தைக் குலுக்கி அவள் கையில் வைத்தார். அவளால் அதை அழுத்த முடியவில்லை. தம் கையை அவள் கை மேல் வைத்துச் சேர்த்து அழுத்தினார். ஒன்று, சிறிது பொறுத்து இன்னொன்று, மறுபடியும் ஒன்று. முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது, ஆனால் போதவில்லை. அதற்குள், என்ன இடிக்கிறார்கள் என்று பார்க்கப் பக்கத்து ஃபிளாட் யோகேஷ் கதவருகில் வந்து நின்றிருந்தான். உள்ளே பார்த்தவன் எதுவும் கேட்காமல் கார் சாவியை எடுக்க ஓடினான். அந்தப் பிள்ளைக்கு உமாசங்கர் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறார். முந்தைய மாதம்தான் அவன் கார் நிறுத்தும் இடத்துக்கு நக்கோ சொல்லிச் சண்டை போட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஸ்ரேயாவை உட்கார்ந்த நிலையிலேயே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஆக்ஸிஜன், புகையாக வரும் மருந்து, கையில் ஊசி. டாக்டர் சுமலதா மேல் மாடியிலிருந்து இறங்கி வந்தார். திரைக்கு வெளியே உமாசங்கரை நிறுத்தி, தணிந்த குரலில் கேட்டார்.

"அங்கிள், ஒக்க விஷயம் நெஜம் சொல்லணும். பிரவுன் பஃப் தினமும் எடுத்தாளா, நிறுத்திட்டாளா? அதைப் பொறுத்துதான் நாங்க மருந்து கொடுக்கணும்."

பனி, தூசி, இடிக்கிற வீடு என்று சொல்வதற்கு நிறைய இருந்தது. எல்லாம் உண்மையும்கூட. அவர் நாக்கு ஒரு கணம் அந்தப் பக்கம் போகவும் பார்த்தது. ஆனால் திரைக்குப் பின்னால் அந்த மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

"நான்தாம்மா நிறுத்தினேன்" என்றார். "மூணாம் மாசத்துலருந்து. பெட்டிக்குள்ள இருந்த சீட்டுல ஆய்வு இல்லன்னு போட்டிருந்துச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. பூட்டி வெச்சேன்."

டாக்டர் அவரைப் பார்த்தார். பிய்ந்த நகமும் ரத்தம் காய்ந்த விரலும் அவர் கண்ணில் பட்டிருக்கும். திட்டவில்லை. "சரி, இப்போ தெரிஞ்சுது. இது போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உமாசங்கர் சுவரோரமாக நின்றார். பக்கத்தில் நாற்காலி இருந்தது, உட்காரத் தோன்றவில்லை. அவர் கணக்குத் தப்பினால் தொழிற்சாலையில் ஒரு இயந்திரம் நின்றுபோகும், விசாரணை வரும். இங்கே தப்பினால் என்ன நிற்கும் என்பதை நினைக்கவே அவருக்குத் தைரியம் இல்லை. எல்லா சாமியும் மறந்து போனது. எனக்கு எதுவும் வேண்டாம், அவங்க ரெண்டு பேரும் மூச்சு விட்டா போதும் என்று, யாரிடம் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நெடுநேரம் கழித்துத் திரையை விலக்கி, "உள்ள வாங்க அங்கிள்" என்றார் டாக்டர்.

ஸ்ரேயா முகமூடியோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தோள்கள் இறங்கியிருந்தன. வயிற்றின் மேல் ஒரு வட்டக் கருவியை வைத்துப் பட்டை கட்டியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த இயந்திரத்திலிருந்து டக்டக் டக்டக் என்று அவசர அவசரமான ஒரு சத்தம் அறை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு வேகமாக இருக்கிறதே என்று அவருக்கு மறுபடியும் பகீரென்றது.

"அப்படித்தான் இருக்கணும். உள்ள இருக்கறவங்க நல்லா இருக்காங்க" என்றார் டாக்டர்.

உமாசங்கர் கை கூப்பினார். கோயிலில்கூட அவர் அப்படிக் கும்பிட்டு ருக்மிணி பார்த்ததில்லை. டாக்டர் கூச்சப்பட்டு அவர் கையைப் பிடித்து இறக்கினார்.

"உங்க கேள்வி தப்பில்ல அங்கிள். கேட்ட இடம்தான் தப்பு. மாத்திரைக்கு என்னைக் கேட்டீங்க. பஃப்புக்குச் சீட்டைக் கேட்டீங்க. சில மருந்தை நிச்சயம் நிறுத்தணும், சிலதை மாத்தணும். இது ரெண்டும் இல்ல. எத்தனையோ கர்ப்பிணிங்க வருஷக்கணக்கா எடுக்கற மருந்து. நேரா நுரையீரலுக்குப் போகுது. குழந்தை வரைக்கும் போறது ரொம்பக் கொஞ்சம். அம்மாவுக்குக் காத்து கொறஞ்சாதான் குழந்தைக்கும் கொறையும். எடுத்தா என்ன ஆகும்னு அவ்வளவு பாத்தீங்களே, நிறுத்தினா என்ன ஆகும்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. உள்ளே வருவதை எல்லாம் சோதித்தே வாழ்ந்தவர்; ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்திலிருந்து ஒன்றைக் கழற்றி எடுத்தால் என்ன ஆகும் என்பது அவர் பிரிவின் வேலையாக இருந்ததே இல்லை.

ஆதர்ஷ் மத்தியானம்தான் வந்து சேர முடிந்தது. நடந்ததைக் கேட்டவன் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோபம் நியாயமானது, அது தணிய இரண்டு வாரம் ஆனது. ருக்மிணியின் கோபம் வேறு மாதிரி. "பூட்டினதுகூடப் போவட்டும்ங்க. சாவியை எங்கிட்ட குடுத்தீங்களே, அதான் ஆறல. அங்க நான் சாவியோட சாமி கும்பிட்டுட்டு இருந்தேன்" என்று சொல்லி அழுதாள்.

மறுநாள் ஸ்ரேயாவோடு அவர் தனியாக இருக்கும்படி ஆனது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். அவளே ஆரம்பித்தாள்.

"மாமா, எனக்கும் பயம்தான். நீங்க நக்கோ சொன்னப்போ நிம்மதியா இருந்துச்சு. டாக்டர்கிட்ட பொய் சொன்னது நான் கதா."

"எனக்காகச் சொன்ன பொய் அது."

"சரி. நமக்கு ரெண்டு பேருக்கும் சமம்." சிறிது மூச்சு வாங்கிக்கொண்டு, "கல்லால அடிச்சது மட்டும் நீங்கதான். அது எனக்குக் கேட்டுட்டே இருந்துச்சு. இன்னும் அடிக்கறாங்க, இன்னும் அடிக்கறாங்கன்னு அதைப் பிடிச்சுட்டே உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.

நம் வீடுகளில் நன்றி என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கையில் மைக் வேண்டும், கழுத்தில் மாலை வேண்டும். பெற்ற மகளிடம் சொன்னால்கூட யாரோ அந்நியரிடம் பேசுவதுபோல் ஆகிவிடும். ஆனால் உமாசங்கருக்கு அன்று வேறு வார்த்தை எதுவும் போதவில்லை. அவரைக் குற்றம் சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. அவளோ பாதியைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டு, மீதியையும் துடைத்துவிட்டாள்.

"தேங்க்ஸ்மா" என்றார், கொஞ்சம் சத்தமாகவே. கேட்டு ஸ்ரேயாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வந்தது. அவர் பதறி நர்ஸைக் கூப்பிட, நர்ஸ் இரண்டு பேரையும் சத்தம் போட்டாள்.

அதன் பிறகு பிரவுன் பஃப் காலையும் இரவும் தவறாமல் போனது. நீலம் அவள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் உமாசங்கர் பால்கனிக்குப் போய்விடுவார். தாம் எட்டிப் பார்ப்பதுகூட அவளைக் கூச வைத்துவிடும் என்று ஒரு பயம். மனசுக்குள் இன்னொரு பயமும் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. இயந்திரத்தில் சத்தம் கேட்டது சரி. அந்தக் காலை வேளையில் காற்று இல்லாமல் உள்ளே ஏதாவது நடந்திருந்தால், அது பிறந்த பிறகுதானே தெரியும். டாக்டர் ஒவ்வொரு முறையும் நன்றாக இருக்கிறது என்றார். ஸ்கேனில் வளர்ச்சி சரியாக இருந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, தூக்கம் வராமல் புரண்டார்.

பங்குனி முடியும் சமயத்தில் ஒரு விடிகாலையில் ஸ்ரேயாவைப் பிரசவத்துக்குச் சேர்த்தார்கள். பிரசவ அறைக்குள்ளும் பஃப்பைக் கொண்டு போகலாம், பால் கொடுக்கும்போதும் தொடரலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். வெளியே காத்திருக்கும்போது ஆதர்ஷ் அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு காபியை அவர் கையில் கொடுத்தான். மெஷின் காபி, வாயில் வைக்க முடியாத காபி. உமாசங்கர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

பெண் குழந்தை. அழுத அழுகை நடைக்கூடம் வரை கேட்டது. குழந்தைகள் டாக்டர் தலையிலிருந்து கால் வரை பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்று ஆதர்ஷிடம் சொல்லிவிட்டுப் போனார். ருக்மிணியும் ஸ்ரேயாவின் அம்மாவும் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு உள்ளே போனார்கள். உமாசங்கர் கடைசியாக வந்து கதவோரம் நின்றார்.

"மாமாகிட்ட குடுங்க" என்றாள் ஸ்ரேயா.

"நான் அப்புறம்..."

"இப்போவே. மொதல்ல மாமா."

வெள்ளைத் துணிக்குள் சுருட்டிய அந்தச் சின்ன உருவத்தை ருக்மிணி அவர் கையில் வைத்தாள். கண் மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ பொருள்கள் வந்துபோன கை அது; எதிலாவது ஒரு குறை கிடைக்காதா என்று தேடித் தேடிப் பார்த்த கண் அது. இப்போது எதையும் தேடத் தோன்றவில்லை. ஆள்காட்டி விரலை மட்டும் குழந்தையின் மூக்கருகில் கொண்டுபோய் வைத்தார். நல்ல வேளையாக ஏதோ ஒன்று விரலில் பட்டது. வெதுவெதுப்பாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெலிதாக. நின்றது. மறுபடியும் பட்டது. அவர் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவருக்குக் கை இல்லை.

"போதும் மாமா, அவ மூக்கை மூடிடப் போறீங்க" என்றாள் ஸ்ரேயா.

எல்லோரும் சிரித்தார்கள். உமாசங்கரும் சிரித்துக்கொண்டே விரலை எடுத்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்து, பெண்கள் மூவரும் குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று பேச ஆரம்பித்ததும், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மறுபடியும் விரலை வைத்துப் பார்த்தார்.